நாலு ஆணியும் ஒரு பலகையும்

உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், இதுல உக்காருங்க. ஷூவைக் கழட்டாதீங்க, தரை சில்லுனு இருக்கும். உங்க வீட்டம்மா ஜீப்லயே இருக்காங்களா? இருக்கட்டும், இருக்கட்டும். உள்ள இருக்கிறதை விட ஜீப்ல குளிர் கம்மி. என்னடா எல்லா ஜன்னலும் திறந்து கிடக்குன்னு பாக்குறீங்க. ரெண்டு வருஷமா அப்படித்தான் கிடக்கு. மழை உள்ள அடிக்கும், அடிச்சா தொடைச்சுக்குவேன்.

அடுப்பைப் பத்த வைக்கலாமான்னு மட்டும் கேட்றாதீங்க. வீடு உங்க கைக்கு வந்தப்புறம் நீங்க என்ன வேணா செஞ்சுக்கோங்க. என் கையால பத்த வைக்க மாட்டேன்.

புரோக்கர் ஹென்றி சொல்லித்தான் அனுப்பியிருப்பான், பெரியவர் கொஞ்சம் பேசுவாரு, தலையாட்டிட்டு வீட்டைப் பாத்துட்டு வந்துருங்கன்னு. எனக்கும் சொல்லியிருக்கான், வீட்டைக் காட்டுங்க, கதையைக் காட்டாதீங்கன்னு. உங்களுக்கு முன்னாடி அஞ்சு பேர் வந்தாங்க. அஞ்சு பேரும் கேட்டாங்க, ஊருக்குப் போய் போன் பண்றோம்னு சொன்னாங்க. பண்ணல. ஆனா சொல்லாம எப்படி விக்கிறது? புது வீடு வாங்கி, இந்தக் குளிர்ல விறகு அடுப்பு வச்சு இருக்கப் போறவருக்கு, இந்த அடுப்பைப் பத்தித் தெரிஞ்சிருக்கணும்ல.

என் பேரு தனுஷ்கோடி. சொந்த ஊரு சாத்தூர். தீப்பெட்டி ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் ஃபோர்மேன். நீங்க ஃபேக்டரிம்பீங்க, எங்க ஊர்ல தீப்பெட்டி ஆபீஸ்னுதான் சொல்றது. முப்பத்தோரு வருஷத்துல என் ஷிஃப்ட்ல ஒரு பொம்பளைக்குக் கைவிரல் கூட சுட்டது கிடையாது. ஒரு குத்துவிளக்கு குடுத்தாங்க அதுக்கு, அலமாரியில இருக்கு பாருங்க. குச்சிக்கு முக்குற மருந்து இருக்கிற ரூம்ல இரும்பை இழுக்க விடமாட்டேன். செருப்பு வெளிய. மணல் வாளி அங்கங்க. எல்லாத்துக்கும் மேல, கதவு. எந்தக் கதவும் சாத்தியிருக்கக் கூடாது. முதலாளி வந்து சாத்துனா கூட நான் போய்த் திறந்து வைப்பேன். நெருப்பைப் பத்தி எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்ல, அதைச் சொல்றேன்.

இந்த வீட்டை என் சம்சாரத்துக்காகத்தான் வாங்குனேன். தங்கபுஷ்பம். அவளுக்கு இந்தக் கோத்தகிரின்னா உயிரு. எண்பத்தஞ்சுல கல்யாணம் முடிஞ்ச கையோட இங்க கூட்டிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டுல நின்னு டீ குடிச்சுக்கிட்டே, 'இங்க நல்லாருக்குங்க'ன்னு சொன்னா. அதை நான் மனசுலயே வச்சிருந்தேன். ரிட்டயர் ஆனதும் இருந்ததை வித்து, இந்தப் பழைய எஸ்டேட் வீட்டை முடிச்சேன். அவகிட்டச் சொன்னப்போ ஒரு நிமிஷம் பேச்சே வரல அவளுக்கு. சந்தோஷம். அப்புறம் கேட்டா, 'சுகந்தி வீட்டுல இருந்து ரொம்பத் தூரமாச்சே'ன்னு. சுகந்தி எங்க மக, சாத்தூர்லயே நாலு தெரு தள்ளிக் குடுத்திருக்கோம். மத்தபடி தங்கபுஷ்பத்துக்குப் பூரண சம்மதம்.

வாங்குறப்போ இந்த வீட்டுல குளிர் காய ஒரு கல் மாடம் இருந்துச்சு. அதை நம்பி எப்படி நெருப்பு வைக்கிறது? பொறி பறந்தா மரத்தரை. அதை இடிச்சுட்டு, மேட்டுப்பாளையத்துல ஒரு பட்டறையில சொல்லி, கனத்த இரும்புல இந்த அடுப்பைச் செஞ்சு கொண்டாந்தேன். முன்னால கதவு, கீழ காத்து போக ஒரு வாய், பின்னால குழாய், குழாய் கூரைக்கு மேல போகுது. உக்கார வச்சது இங்கத்து ஆளு, போஜன்னு பேரு, படுகர். நல்ல வேலைக்காரன். ஆனா வாய் ஜாஸ்தி.

பால் காய்ச்சுன அன்னைக்கு அவனும் இருந்தான். பொங்குன பாலை எல்லாருக்கும் தங்கபுஷ்பம் குடுத்துக்கிட்டு இருக்கா, இவன் டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் நடத்துறான். 'சார், மூணு விஷயம். சீகை விறகு வாங்குனீங்கன்னா ஒரு வருஷம் காயப் போட்டு அப்புறம் எரிங்க. குழாயை மாசம் ஒருக்கா நான் வந்து தேய்ச்சு விடுறேன். அப்புறம் அந்த ஓட்டை.' மேல காட்டுனான். கூரைக்குக் கீழ, அதோ, ஒரு முழத்துக்கு ஒரு முழம் சதுரமா. 'அதை மட்டும் எந்தக் குளிருக்கும் மூடாதீங்க. அடுப்பு எரியிற வீட்டுக்கு மூக்கு சார் அது.'

நான் சிரிச்சேன். 'போஜன், நான் முப்பத்தோரு வருஷம் நெருப்போட குடித்தனம் நடத்துனவன்'னேன்.

'நெருப்பு தெரியும் சார் உங்களுக்கு. வீட்டுக்குள்ள வைக்கிற நெருப்பு வேற'ங்கிறான்.

வாய் ஜாஸ்தின்னு சொன்னேன்ல.

நான் என் முறைப்படி செஞ்சேன். ஹால்ல நாலு சிவப்பு வாளி, மணல் நிரப்பி. சுவத்துல நெருப்பணைக்கிற சிலிண்டர். குழாய் உச்சியில பொடிக் கண்ணி வலை, பொறி வெளிய பறந்து கூரையில விழக்கூடாதுன்னு. ஆபீஸ்ல பாய்லர் குழாய்க்கு அப்படித்தான் போட்டிருந்தோம். அடுப்புக் கதவை என்னைத் தவிர யாரும் தொடக்கூடாது, அது சட்டம். தங்கபுஷ்பம் வாளியெல்லாம் பாத்துட்டுச் சிரிச்சா. 'இது வீடா பெட்ரோல் பங்க்கா? ராத்திரி எவனாவது வந்து நூறு ரூபாய்க்குப் போடுங்கன்னு நிக்கப் போறான்'னா. அவளுக்கு அப்படிப் பேச வரும் சார்.

ஐப்பசி பொறந்தது. குளிருன்னா குளிரு. சாத்தூர் வெயில்ல வளந்த உடம்பு எங்களுக்கு. மப்ளர், சாக்ஸ், ரெண்டு கம்பளி, எதுக்கும் அடங்கல. ஜன்னல் சந்தெல்லாம் மக்கு வச்சு அடைச்சேன். அதுக்கு மேல ஒரு கோட் பெயின்ட் அடிச்சேன், சும்மா ஒட்டுன மாதிரி நின்னுச்சு, கடப்பாரை வச்சாலும் திறக்காது. அப்பவும் பனி எங்கிருந்தோ இறங்குது. பாத்தா, அந்த மேல் ஓட்டை. என் பழைய வேட்டியைச் சுருட்டி நல்லா அடைச்சுவிட்டேன். அன்னைக்குத்தான் சார் வீடு வீடா இருந்துச்சு. கதகதன்னு.

மறுநாள் காலையில பாத்தா வேட்டி தரையில கிடக்கு.

குரங்கு. இங்க குரங்கு ஜாஸ்தி, வெளிய இருந்து கையை விட்டுத் தள்ளியிருக்கும். திருப்பி அடைச்சேன். ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் தரையில. தங்கபுஷ்பத்துகிட்டக் கேட்டேன், குரங்கு சத்தம் கேட்டுச்சான்னு. 'கேட்ட மாதிரிதான் இருந்துச்சு'ன்னா. மூணாவது தடவையும் விழுந்ததும் எனக்குக் கோவம் வந்துருச்சு. தேயிலைப் பெட்டிப் பலகை ஒண்ணை அறுத்து, அளவு பாத்து, நாலு மூலையிலயும் ஆணி. அவதான் ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

'ஆணி எதுக்குங்க, கயிறு போட்டுக் கட்டுனா போதாதா?'ன்னா.

'குரங்குக்குக் கயிறு அவுக்கத் தெரியும்'னேன்.

அதுக்கப்புறம் அவ ஆணியை ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தா.

அவளுக்கு அப்பப்ப தலைவலி. காலையில எந்திரிக்கவே சோம்பல். சோத்தைப் பாத்தாக் குமட்டுதும்பா. மலை ஏறி வந்தா ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்னு நான் சுக்குக் காபி போட்டுக் குடுப்பேன். மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனா சரியாயிரும். காய்க்காரிகிட்ட அரை மணி நேரம் பேரம் பேசுவா, நல்லா நடப்பா. 'வெளிய வந்தா விட்டுருதுங்க'ன்னா. 'ஊர் சுத்துறதுன்னா எந்தத் தலைவலியும் விட்டுரும்டி'ன்னேன். சிரிச்சா. வீட்டுக்கு வந்து அடுப்பு பத்த வச்சா மறுபடியும் தலையைப் பிடிச்சுக்குவா. 'மூச்சு முட்டுற மாதிரி இருக்குங்க'ன்னு ஒரு நாள் சொன்னா. உயரம் அப்படி, ஆறாயிரம் அடிக்கு மேல இருக்கோம்ல. பழகணும். 'கொஞ்ச நாள் சுகந்தி வீட்டுல இருந்துட்டு வரட்டுமா'ன்னு கேட்டா. தீபாவளிக்கு முந்துன வாரம் அது. 'நீ போயிட்டா நான் யாருக்காக இந்த அடுப்பைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்?'னு கேட்டேன். அவ போகல.

போஜன் ஒரு நாள் மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தான், நீளக் குச்சியில பிரஷ் கட்டி எடுத்துக்கிட்டு. வாசல் கேட்டுப் பக்கம் நின்னு கூரையைப் பாத்தான். 'சார், குழாய் உச்சியில என்னமோ கட்டியிருக்கீங்க. புகையில வர்ற கீல் தாரு மாதிரி படிஞ்சு அடைச்சுக்கும். ஏறிப் பாக்குறேன்'னான். நான் விடல. அந்த வழுக்கல்ல ஏறி விழுந்தான்னா யார் பதில் சொல்றது? பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல. அப்புறம் பாத்துக்கலாம்னு அனுப்பிட்டேன். அவ உள்ள இருந்து வந்து, 'பாக்கட்டுமேங்க'ன்னா. பொம்பளை, அவளுக்கு என்ன தெரியும் கூரையைப் பத்தி.

கார்த்திகை ரெண்டாவது வாரம். நாலு நாளா மழை விடல. காலையில பாக்குறேன், சிலிண்டர்ல இருக்கிற முள்ளு பச்சையில இருந்து சிவப்புக்கு இறங்கியிருக்கு. காலி சிலிண்டரை வச்சுக்கிட்டு எப்படி நெருப்பு எரிக்கிறது? என்னால அப்படி ஒரு நாள் கூட இருக்க முடியாது சார். மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டு போய் நிரப்பிட்டு வந்துரலாம்னு கிளம்புனேன். அவ குளிர்ல கிடக்கக் கூடாதுன்னு, அடுப்புல பெரிய சீகைக் கட்டையா ரெண்டு போட்டு, நல்லாக் கங்கானதும் கீழ்வாயைச் சாத்துனேன். சாத்துனா சாயந்திரம் வரைக்கும் அணையாது. புகையே கிடையாது, வெறும் கங்கு. புகையில்லாத நெருப்புல என்ன பயம்?

அப்புறம் கதவு. கேளுங்க, இதையும் தெரிஞ்சுக்கோங்க. இங்க கரடி தொல்லை உண்டு. எண்ணெய் வாசனைக்குக் கதவை உடைச்சுட்டு வரும். அதுக்கு முந்துன வாரந்தான் கீழ ஒரு வீட்டுச் சமையக்கட்டுக் கதவைப் பேத்துப் போட்டிருந்துச்சு. அதனால நான் வெளிய போனா முன்கதவு, பின்கதவு ரெண்டையும் வெளிய பூட்டிட்டுத்தான் போவேன்.

'உள்ள நான் தாழ்ப்பாள் போட்டுக்கிறேனே, பூட்டாதீங்களேன்'னா.

'உன் தாழ்ப்பாள் கரடிக்கு எத்தனை நிமிஷம்?'

'சாவியாவது ஒண்ணு குடுத்துட்டுப் போங்க.'

'வெளிய தொங்குற பூட்டுக்கு உள்ள சாவி எதுக்கு?'

நியாயமாத்தான சொன்னேன். ஆபீஸ்ல கதவைச் சாத்த விடமாட்டேன்னு இப்பத்தான் சொன்னேன், அதானே உங்க முகத்துல ஓடுது? அது வேற, இது வேற. அங்க கரடி கிடையாது.

போன்? போன் இருந்துச்சு. வீட்டுக்குள்ள சிக்னல் கிடையாது. வாசல் கேட்டுப் பக்கம் போனாத்தான் எடுக்கும். உங்க போனைப் பாருங்க, ஒரு கோடு கூட இருக்காது.

நாலேகாலுக்குத் திரும்பி வந்தேன். பூட்டைத் திறந்து உள்ள வர்றேன், அந்த நாற்காலியில சாஞ்சு உக்காந்திருக்கா. தூங்குறா. கன்னம் ரெண்டும் செவசெவன்னு இருக்கு சார். இந்த ஊருக்கு வந்த நாள்ல இருந்து வெளிறிப் போய்க் கிடந்த முகம். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. அப்பாடா, இன்னைக்குத்தான் இவளுக்குக் குளிர் விட்டிருக்கு, அடுப்பு இப்பத்தான் ஒழுங்கா வேலை செய்யுதுன்னு நினைச்சேன்.

ஸ்டூல் நடு வழியில கிடந்துச்சு, அந்தப் பலகைக்குக் கீழ. நடக்கிற பாதையில எந்தச் சாமானும் இருக்கக் கூடாது, அது எனக்குப் பழக்கம். எடுத்து மூலையில வச்சேன். பக்கத்துல தோசைத் திருப்பி கிடந்துச்சு, முனை வளைஞ்சு. என்னத்தையோ கிண்டியிருக்கான்னு அதையும் சமையக்கட்டுல போட்டேன். அவளை எழுப்பல. பனி உள்ள போகக் கூடாதுன்னு கதவைச் சத்தம் கேக்காமச் சாத்திட்டு, பின்னால கொட்டகைக்குப் போய் விறகு பொளந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல. பாட்டு கூடப் பாடிக்கிட்டுத்தான் பொளந்தேன்.

அஞ்சரைக்கு வந்து கூப்பிட்டேன். காபி போடுறியா நான் போடவான்னு கேட்டேன். தோளைத் தொட்டேன். சாஞ்சுட்டா.

ஜீப் பிடிச்சுக் கொண்டு போனோம். சின்ன வயசு டாக்டர். அடுப்பு எரிஞ்சதா, ஜன்னல் சாத்தியிருந்ததான்னு ரெண்டு கேள்விதான் கேட்டாரு. வாசனையும் இல்லாம, நிறமும் இல்லாம ஒரு வாயு உண்டாம். கங்குல இருந்துதான் ஜாஸ்தி வருமாம். போக வழியில்லாட்டி ரூம்ல தங்கிருமாம். கன்னம் செவக்கிறதே அதனாலதானாம். 'எப்பப் பாத்தீங்க?'ன்னு கேட்டாரு. அஞ்சரைக்குன்னு சொன்னேன். 'ஒரு மணி நேரம் முன்னாடி பாத்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம் சார்'னாரு.

நாலேகால்னு சொல்லல. போலீஸ்ல எழுதிக் குடுத்ததுலயும் அஞ்சரைதான். மககிட்டயும் அஞ்சரைதான். வீடு பாக்க வர்றவங்களைத் தவிர யார்கிட்டயும் நான் நாலேகால்னு சொன்னதில்ல. நாலேகாலுக்கு அவளுக்கு உயிர் இருந்துச்சா இல்லையான்னு யாரைக் கேக்குறது? மூச்சு விட்டாளா? நான் பாக்கல சார். கன்னத்தைத்தான் பாத்தேன். ராத்திரியும் பகலும் அதையேதான் நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், கன்னம் தெரியுது, நெஞ்சு ஏறி இறங்குச்சான்னு மட்டும் ஞாபகத்துக்கு வரவே மாட்டேங்குது. அது இனிமே வராது.

சுகந்தி வந்தா. மூணாம் நாள் அந்தப் பலகையைப் பாத்தா. ஸ்டூலைப் போட்டு ஏறி, விரலால தடவித் தடவிப் பாத்தா. கீழ்ப்பக்கம் ரெண்டு ஆணியும் பாதி வெளிய வந்து நிக்குது. சுத்தி மரம் எல்லாம் கீறல். இது என்னப்பான்னா. குரங்கு பண்ணுற வேலைம்மான்னு, வேட்டி விழுந்த கதையெல்லாம் சொன்னேன். அவ ஸ்டூல்ல இருந்து இறங்காமலே கேட்டா, 'குரங்கு உள்ளயாப்பா இருந்துச்சு?'

அன்னைக்குப் போனவதான். போன் எடுக்கிறதில்ல. அவ பிள்ளைங்க என்னைப் பாத்தா அடையாளம் தெரியுமோ என்னமோ.

வாங்க, நீங்களே பாருங்க. எட்டாது, ஸ்டூல்ல ஏறுங்க, நான் பிடிச்சுக்கிறேன். தெரியுதா, கோடு கோடா? தோசைத் திருப்பி போட்ட கோடு. இங்க பாருங்க, இது விரல் நகமாத்தான் இருக்கும். நான் கழட்டல. ஜன்னலை எல்லாம் ஆளை வச்சுப் பேத்துத் திறந்துட்டேன், இதுல கை வைக்க மனசு வரல. வீட்டை வாங்குனா நீங்க கழட்டிக்கோங்க. போஜன்கிட்டச் சொன்னா வந்து செய்வான். என்கூடத்தான் அவன் பேசுறதில்ல.

இறங்குங்க, பாத்து. எனக்கு ஒரே ஒரு ஆத்தாமைதான் சார். முப்பத்தெட்டு வருஷம் ஒண்ணா இருந்திருக்கோம். நான் என்ன புலியா கரடியா? வேட்டியைப் பிடுங்குறது நான்தாங்க, எனக்கு மூச்சு முட்டுது, காத்து வேணும்னு வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே அந்த ஆணியைப் பிடுங்கிப் போட்டிருக்க மாட்டேனா? சொன்னாத்தான தெரியும்? சொல்லாம மனசுலயே வச்சுக்கிட்டு இருந்தா எதிராளி என்ன செய்வான்?

யாரு, அம்மாவா ஹார்ன் அடிக்கிறாங்க? கையை வேற ஆட்டுறாங்க. என்னமோ சொல்றாங்க, இங்க கேக்கல. ஒண்ணும் இருக்காது சார், குளிருதும்பாங்க. நீங்க உக்காருங்க, நான் இன்னும் சமையக்கட்டைக் காட்டல.